அகளியும் அஞ்சுநாடும்: மலைப்பாதைகளும் சுற்றுலாவும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலைநாட்டுச் சுற்றுலாவின் வரலாறு பெரும்பாலும் ஒரே முறையில் எழுதப்பெற்று வருகிறது. ஐரோப்பியர் ஒருவர் வேட்டைக்காகவோ அளவைப் பணிக்காகவோ மலையேறுகிறார். அவர் ஓர் இடத்தைக் 'கண்டுபிடிக்கிறார்'. பின்னர்த் தோட்டங்களும் மாளிகைகளும் எழுகின்றன. இறுதியில் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மூணாற்றுக்கும் இவ்வகைக் கதையே சொல்லப்படுகிறது. இக்கதையில் முன்பே அங்கு வாழ்ந்தோரும் முன்பே அவ்வழியே நடந்தோரும் பின்புலமாக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, இடுக்கி மாவட்டத்தின் அஞ்சுநாடு, அதனை ஒட்டிய மூணாறு ஆகிய மலைப்பகுதிகளை எடுத்துக்கொண்டு, அங்குப் பயணம் எவ்வாறு சுற்றுலாவாக மாறியது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது. அட்டப்பாடிப் பகுதிக்கு அதன் தலைமையிடமாகிய அகளி மையமாகக் கொள்ளப்படுகிறது. இப்பகுதியில் சுற்றுலா தனக்கெனப் பாதை அமைத்துக்கொண்டு வரவில்லை. உப்புக்காகவும் தேயிலைக்காகவும் குடிநீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் உருவான வழிகளிலேயே அது பின்னர் வந்து சேர்ந்தது. பாதை கைமாறியபோது அப்பாதையை அறிந்தோர் அதன் வரலாற்றிலிருந்து நீங்கினர். இவ்விரு கருத்துகளும் இக்கட்டுரையில் நிறுவப்பெறுகின்றன.

கிழக்கு நோக்கிய நிலம்

கேரளத்தின் ஆறுகளுள் பெரும்பாலானவை மேற்கே பாய்ந்து அரபிக்கடலைச் சேர்வன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே கிழக்கு நோக்கிப் பாய்ந்து காவிரியின் நீர்த்தொகுதியில் கலப்பன. இவற்றுள் பவானி அட்டப்பாடியின் ஆறு. பாம்பாறு அஞ்சுநாட்டின் ஆறு. நீலகிரிப் பகுதியில் தோன்றும் பவானி, முக்காலி என்னும் இடத்தில் திசை திரும்பி, அட்டப்பாடி வழியே தமிழகத்துக்குள் நுழைகிறது. சிறுவாணி அதனுடன் கலக்கிறது. பாம்பாறு மறையூர்ப் பகுதியைக் கடந்து அமராவதியாகி உடுமலை வட்டத்துக்கு நீர் தருகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடியும், அதற்குத் தெற்கே ஆனைமலைத் தொடருக்கு அப்பால் அஞ்சுநாடும் அமைந்துள்ளன. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிய பகுதிகள் அல்ல. ஆயினும் அவற்றின் நில அமைப்பு ஒத்தது. மேற்கே உயர்ந்த மலைகள் தென்மேற்குப் பருவமழையைப் பெரிதும் தடுத்துவிட, இரண்டின் கிழக்குப் பகுதிகளும் மழைமறைவு நிலங்களாக உள்ளன. சரிவு கிழக்கே இறங்குகிறது. எனவே மனிதர் ஏறுவதற்கு எளிய வழியும் கிழக்கிலிருந்தே அமைந்தது. அட்டப்பாடிக்குக் கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும், அஞ்சுநாட்டுக்கு உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகவும், மூணாற்று உயர்நிலத்துக்குப் போடியிலிருந்து குரங்கணி வழியாகவும் மக்கள் ஏறினர்.

இப்பகுதிகளின் மக்கள்வழக்கும் இதற்குச் சான்றாகிறது. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் குடியிருப்பு 'ஊர்' எனப்படுகிறது. அதன் தலைவர் 'மூப்பன்' ஆவார். மூப்பனுக்குத் துணையாக வண்டாரி, குருதலை, மண்ணூக்காரன் என்போர் உள்ளனர். அஞ்சுநாட்டை ஒட்டிய மலைகளில் வாழும் முதுவர் தம் குடியிருப்பைக் 'குடி' என்கின்றனர். தாங்கள் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களின் தொகுதியே அஞ்சுநாடு. இவ்வூர்களின் பழங்குடிமக்களும் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்ததாகவே கூறுவர். மறையூர்ப் பாறைகளின்மேல் நிற்கும் முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள், இவ்வழக்குகளுக்கெல்லாம் முற்பட்ட மனித நடமாட்டத்தைக் காட்டுகின்றன. எனவே எந்த நூற்றாண்டிலும் எவரும் 'கண்டுபிடிக்க' வேண்டிய வெற்றிடமாக இம்மலைகள் இருக்கவில்லை என்பது தெளிவு.

ஆற்றுப்படை மரபும் வழியறிவும்

மலைவழி பற்றிய அறிவு தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள் ஆகியவை அதில் சுட்டப்பெறுகின்றன. இரவில் எங்குத் தங்குதல் வேண்டும், எவ்விடத்தில் யாரிடம் வழி கேட்டல் வேண்டும் என்பனவும் கூறப்பெறுகின்றன. வழி தவறியோர்க்குக் கானவர் உதவுவர் என்பது அந்நூலின் துணிவு.

இந்நூல் நன்னனது செங்கண்மா நாட்டைப் பாடுவது. நாம் கருதும் மலைகளைப் பாடுவதன்று. எனினும் அது முன்வைக்கும் கருத்து இங்கு இன்றியமையாதது. பயணியின் பாதுகாப்பு, அந்நிலத்தில் வாழ்வோரது அறிவைச் சார்ந்தது என்பதே அக்கருத்து. மலையின் அழகு அந்நூலில் விரிவாகப் பேசப்படுகிறது. அழகும் இடரும் அங்கு ஒரே வழியில் இணைந்தே வருகின்றன.

சொல்வழக்கிலும் இதன் தடயம் உண்டு. அகப்பாடல்களில் தலைவன் பொருள்தேடிக் கடக்கும் அரிய வழி 'சுரம்' எனப்பெற்றது. மலையாளத்தில் அச்சொல் மலையேறும் கணவாய்ப் பாதையைக் குறிக்கும் இயல்பான சொல்லாக இன்றும் வாழ்கிறது. மண்ணார்க்காட்டிலிருந்து அகளிக்கு ஏறும் வளைவுப் பாதையை அப்பகுதியினர் 'அட்டப்பாடிச் சுரம்' என்றே வழங்குவர். தெற்கே போடிமெட்டு, கம்பமெட்டு என மலைவாயில்கள் 'மெட்டு' என்னும் பெயரால் வழங்குகின்றன. சுற்றுலாக் கையேடுகள் தோன்றுவதற்கு முன்னரே இவ்வழிகளுக்குப் பெயரும் பயனும் இருந்தன என்பதற்கு இவ்வழக்குகளே போதிய சான்று.

நீர் தேடிய பயணம்

அட்டப்பாடி மலைகளைப் பொறுத்தவரை, நவீன காலத்துப் பயண வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர்களுள் ஒருவர் கோவை சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922). இதழாளராகவும் நூலாசிரியராகவும் பொதுப்பணியாளராகவும் விளங்கிய இவரைத் தமிழ்ப் பயண இலக்கிய ஆய்வாளர் நன்கறிவர். இவரது 'ஆரிய திவ்விய தேச யாத்திரை சரித்திரம்' தமிழின் தொடக்ககாலப் பயண நூல்களுள் ஒன்று.

வடநாட்டு யாத்திரையை நூலாக்கிய இவரே, கோவை நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்கும் பொருட்டு மேற்கு மலைகளில் ஏறி, முத்திக்குளம் பகுதியிலிருந்து வரும் சிறுவாணியின் நீரை நகருக்குக் கொணரலாம் என வலியுறுத்தியவர். இவர் மலையேறியது மேற்குறித்த 'கண்டுபிடிப்பு'க் கதைகளோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. வேட்டையோ ஓய்வோ இப்பயணத்தின் நோக்கம் அன்று. ஒரு நகரத்தின் தாகம் அதன் காரணம். மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருந்த பழைய உறவு, இங்கு நகராட்சிக் குடிநீர்த் திட்டம் என்னும் புதிய வடிவம் பெற்றது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிறுவாணி நீர் கோவைக்கு வந்தது. நகரம் பெருகியபோது அந்நீர் போதாதாயிற்று. 1973இல் கேரள, தமிழக அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தமிழகத்தின் செலவில் கேரள மண்ணில் சிறுவாணி அணை கட்டப்பெற்றது. அணையும் அதனைச் சூழ்ந்த காடும் பின்னர்க் காட்சிக்குரிய இடங்களாயின. குடிநீருக்காக உருவான வழியிலேயே பயணிகளும் சென்றனர். பயண நூலாசிரியராகத் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெறும் நரசிம்மலு நாயுடுவுக்கு இம்மலையின் பயண வரலாற்றிலும் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.

தேயிலைப் பாதை

மூணாற்றுப் பகுதியின் வரலாறு இதனின் வேறானது. ஆவணச் செறிவும் மிக்கது. திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டு, கானர் என்னும் இரு படைத்துறை அலுவலர்களின் நினைவுக்குறிப்பு, கிழக்கு மலைகளைப் பற்றிய தொடக்ககால எழுத்துப் பதிவுகளுள் ஒன்று. அதன்பின் 1877 ஜூலை 11ஆம் நாள் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 'கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை' என வழங்கிய பெரும்பரப்பைக் குத்தகையாகப் பெற்றார். அதன் பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல். இம்மலைப் பெயரிலுள்ள கண்ணன் தேவன், அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவர் என்பது மரபு. குத்தகை கைமாறிய பின்னரும் அவர் பெயர் நிலைத்து, பின்னாளில் தேயிலைப் பொட்டலங்களின் பெயராக இந்தியா எங்கும் பரவியது. ஆனால் அப்பெயருக்குரிய மனிதரைப் பற்றிய செய்தி அப்பொட்டலத்தோடு பயணம் செய்யவில்லை.

1879இல் வட திருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் சங்கமும், 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனமும் அமைந்தன. சிங்கோனா, காப்பி முதலியன பயிரிடப்பெற்று, இறுதியில் தேயிலை நிலைபெற்றது. விளைபொருளை வெளியேற்றும் வழி கிழக்கே இருந்தது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பெற்றது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக மலைவிளிம்புவரை சென்ற அப்பாதையின் உச்சி நிலையமே 'டாப் ஸ்டேஷன்'. அங்கிருந்து கம்பிவடப் பாதை வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கின. அடிவார நிலையத்திலிருந்து போடிக்கும், பின்னர்த் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்றன. இன்று பயணியர் மேகங்களைக் காணச் சென்று நிற்கும் டாப் ஸ்டேஷன் என்னும் பெயர், ஒரு சரக்குப் போக்குவரத்தின் எச்சமே ஆகும்.

தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே மலைச்சரிவில் மனிதர் ஏறினர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பெற்ற தொழிலாளர் குரங்கணி வழியே நடந்து தோட்டங்களை அடைந்தனர். இவ்வகை மலையேற்றம் சுற்றுலா வரலாறுகளில் பயணமாகக் கருதப்படுவதில்லை. ஆயின் எண்ணிக்கையாலும் விளைவாலும் இம்மலைகளின் முதன்மையான பயணம் இதுவே எனலாம். அண்மையிலுள்ள வால்பாறைத் தோட்டங்களின் பின்னணியில் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வந்துள்ளது. மலையேறிய கூலித் தொழிலாளரின் பயணத்தை இலக்கியப் பொருளாக்கிய வகையில் அந்நூல் குறிப்பிடத்தக்கது.

1924 வெள்ளமும் திசைமாற்றமும்

1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழை இவ்வமைப்பைக் குலைத்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையின் இது 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' எனக் கேரளத்தில் வழங்குகிறது. குண்டளை இருப்புப்பாதை அழிந்தது, மீண்டும் அமைக்கப்படவில்லை. மூணாற்றின் பழைய இருப்புப்பாதை நிலையக் கட்டடம் பின்னர்த் தோட்ட நிறுவனத்தின் அலுவலகமாயிற்று.

அதே வெள்ளம் ஆலுவாவிலிருந்து மாங்குளம் வழியே மூணாற்றுக்கு வந்த பழைய சாலையையும் சிதைத்தது. அதற்கு மாற்றாக நேரியமங்கலம், அடிமாலி வழியே புதிய சாலை உருவாயிற்று. பெரியாற்றின்மீது நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பெற்றது. இவ்வாறு சில ஆண்டுகளுக்குள் மூணாற்றின் வாயில் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறியது. இருப்புப்பாதை அழிந்தது, சாலை அமைந்தது என்று இவ்விரு நிகழ்ச்சிகளும் தனித்தனியே குறிக்கப்படுவது வழக்கம். இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி இத்திசைமாற்றம் புலப்படாது. மதுரைச் சீமையை நோக்கியிருந்த ஒரு மலை, கொச்சியை நோக்கத் தொடங்கிய காலம் அது.

அரசியல் எல்லைகளும் பின்னர் இத்திசையிலேயே அமைந்தன. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு முன்வைத்துப் போராடியது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அதனை ஏற்கவில்லை. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த அட்டப்பாடியும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் பகுதியாயிற்று. ஆனைகட்டியும் போடிமெட்டும் அதன்பின் மாநில எல்லைகளாயின. எல்லை வந்தபின்னரும் கிழக்குப் போக்குவரத்து அற்றுப்போகவில்லை. கோவைப் பேருந்துகள் ஆனைகட்டி வழியே அகளிக்கு வருகின்றன. போடி, தேனி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புகின்றனர். சுற்றுலாப் பயணிகளின் வருகை ஆண்டுதோறும் எண்ணப்படுகிறது. இத்தொழிலாளரின் அன்றாடப் பயணம் அக்கணக்கில் வருவதில்லை.

கட்டப்படாத அணையும் தேசியப் பூங்காவும்

அகளிப் பகுதியின் சுற்றுலா வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியால் உருவாயிற்று. அட்டப்பாடியின் மேற்கெல்லையில் உள்ள காட்டுக்குச் சைரந்திரி வனம் என்னும் பழம்பெயர் உண்டு. அதன் ஊடே ஓடும் ஆறு குந்திப்புழை. விராடன் அரண்மனையில் பாஞ்சாலி மறைந்து வாழ்ந்தபோது கொண்ட பெயர் சைரந்திரி. குந்தி பாண்டவரின் தாய். வனவாசக் கதையை மக்கள் தம் மலையோடு பொருத்திக் கண்ட மரபினை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. ஆங்கிலேயர் இதனைச் 'சைலண்ட் வேலி' என்றனர். தமிழில் 'அமைதிப் பள்ளத்தாக்கு' என அது வழங்குகிறது.

குந்திப்புழையின் குறுக்கே சைரந்திரியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு இசைவளித்தது. மழைக்காடும் சிங்கவால் குரங்கின் வாழிடமும் அழியும் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் ஊர்தோறும் இக்கருத்தைக் கொண்டுசென்றது. சுகதகுமாரி உள்ளிட்ட மலையாள எழுத்தாளர்கள் கவிதைகளாலும் மேடைப்பேச்சுகளாலும் இயக்கத்துக்கு வலுவூட்டினர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி, வேளாண் அறிவியலர் எம். எஸ். சுவாமிநாதன் முதலியோர் காட்டைக் காக்க வேண்டும் என்றனர். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழுவின் ஆய்வுக்குப் பின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பெற்றது. 1985 செப்டம்பர் 7இல் அன்றைய தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி அதனைத் தொடங்கிவைத்தார்.

இவ்வரலாற்றில் பயணம் பற்றிய ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. இன்று பயணிகள் முக்காலியில் வனத்துறையின் இசைவு பெற்று, அங்கிருந்து 23 கிலோமீட்டர் காட்டுவழியே சென்றுசேரும் இடம் சைரந்திரி. அணைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த இடமும் அதுவே. கட்டப்படாத அணையின் களம் காட்சிக் களமாக மாறியது. சொந்த வண்டிகளில் அவ்வழி செல்ல இயலாது. உள்ளூர்ச் சூழல் மேம்பாட்டுக் குழுவின் வண்டிகளிலேயே, பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்லுதல் வேண்டும். மூணாற்றில் தேயிலைப் பாதை தங்கும் விடுதிகளின் பாதையாக விரிந்தது. முக்காலியில் மின்திட்டத்தின் வழி கட்டுப்படுத்தப்பட்ட வழியாக நின்றது. ஒரே மலைத்தொடரில் இருவேறு சுற்றுலாக்கள் உருவானமைக்குக் காரணம் மலையழகின் ஏற்றத்தாழ்வு அன்று. ஒவ்வொரு பாதையின் முந்தைய வரலாறே ஆகும்.

அட்டப்பாடியின் மக்கள்தொகை மாற்றத்தையும் இங்குக் கருதுதல் வேண்டும். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்குப் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2001ஆம் ஆண்டில் அவர்கள் பாதிக்கும் குறைவாயினர். கிழக்கிலிருந்து வந்த தமிழரும் மேற்கிலிருந்து வந்த திருவிதாங்கூர்க் குடியேறிகளும் நிலத்தைப் பெற்றனர். பாதை திறந்ததன் பயனும் இழப்பும் ஒரே அளவில் எல்லோரையும் சேரவில்லை. மலையைப் பார்க்க வருவோர்க்கு வழிகாட்டியாக நிற்கும் இளைஞரின் குடும்பம் தன் நிலத்தை இழந்த குடும்பமாகவும் இருக்கக்கூடும் என்னும் உண்மை, சுற்றுலா பற்றிய எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறத் தக்கது.

சுற்றுலாவுக்கு வெளியே நிற்கும் பயணம்

அட்டப்பாடியில் இன்றும் சுற்றுலா என்னும் வரையறைக்குள் அடங்காத பயணம் ஒன்றுண்டு. பவானிக் கரையிலிருந்து காணத்தக்க மல்லீசுவரன் முடியைப் பழங்குடியினர் சிவனின் வடிவாகவே வழிபடுகின்றனர். மகாசிவராத்திரியின்போது செம்மண்ணூரில் மக்கள் திரளுவர். விரதமிருந்த ஆடவர் சிலரே முடியின்மேல் ஏறி விளக்கேற்றுவர். ஏனையோர் அடிவாரத்தில் நின்று அவ்வொளியைக் கண்டு வணங்குவர்.

மலையுச்சி எல்லோர்க்கும் உரிய காட்சித்தளம் என்பது சுற்றுலாவின் கொள்கை. மலையுச்சிக்குச் செல்வதற்குத் தகுதி வேண்டும், காலம் வேண்டும், பிறர் சார்பாகச் செல்லும் பொறுப்பு வேண்டும் என்பது இவ்வழிபாட்டின் கொள்கை. ஏறாமல் நிற்பதும் இங்குப் பயணத்தின் ஒரு பகுதியே. பக்தி என்னும் நிலையில் மட்டுமன்றி, மலையின் தாங்குதிறனை அறிந்து வகுத்த ஒழுங்கு என்னும் நிலையிலும் இது நோக்கத்தக்கது.

வழியறிவு பிரிந்ததன் விளைவு

கேரள அரசு 1986இல் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. அடுத்த பதின்ஆண்டுகளில் மூணாறு பெரும் சுற்றுலாத் தலமாயிற்று. இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவானது. அதற்கு முன் அது தோட்டத் துரைமாரின் வேட்டைக்காடு. வரையாடுகளைக் காத்தும் காட்டுவழிகளைக் கண்காணித்தும் அங்குப் பணிபுரிந்தவர் முதுவர். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது மலை நோக்கி மக்கள் பெருந்திரளாக வந்தனர். குறிஞ்சி என்னும் திணைப்பெயர் இவ்வாறு ஒரு பருவச் சுற்றுலாவின் பெயராகவும் மாறியது.

2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றிருந்தோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னை, ஈரோடு, திருப்பூர் ஆகிய சமவெளி நகரங்களிலிருந்து வந்தோர் அவர்கள். கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடையிலான அவ்வழி, தேயிலைக் காலத்துத் தொழிலாளர் நடந்த மலைச்சரிவைச் சேர்ந்தது. கோடையில் புல் காய்ந்து எரியும் மலைமேடு அது. தீயும் காற்றும் புல்லும் எப்போது ஒன்றுசேரும் என்பதனை அம்மலையில் வாழ்வோர் அறிவர். பாதை மட்டும் பயணிக்குக் கிடைத்து, அப்பாதைக்குரிய அறிவு கிடைக்காதபோது நேரக்கூடிய அழிவுக்கு இந்நிகழ்ச்சி சான்றாயிற்று. மலைபடுகடாம் வலியுறுத்தும் கருத்து எத்துணை நடைமுறைப் பயனுடையது என்பது இங்கு விளங்கும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு 2018இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் 40 மலையேற்றத் தடங்களைத் தேர்ந்து, பழங்குடி இளைஞர்களையும் காடு சார்ந்த ஊர்களின் இளைஞர்களையும் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. முக்காலியில் முன்னரே நடைமுறைக்கு வந்திருந்த முறையை இது ஒத்துள்ளது.

இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாளிரவு நிகழ்ந்த நிலச்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் புதையுண்டு 70 பேர் மடிந்தனர். அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். வரையாடு காணச் செல்லும் பயணிகளுக்கு அண்மையிலேயே அக்குடியிருப்பு இருந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2015 செப்டம்பரில், மூணாற்றுப் பெண் தொழிலாளர் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் ஒன்றுகூடிச் சாலையில் அமர்ந்து ஒன்பது நாள் போராடினர். தேயிலையைக் கொண்டுசெல்வதற்கும் பயணியரை ஏற்றிவருவதற்கும் உரியதாகக் கருதப்பட்ட சாலையில், கொழுந்து பறிப்போர் தம் இருப்பைப் பிறர் அறியச் செய்த நிகழ்ச்சியாக அதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அட்டப்பாடியும் அஞ்சுநாடும் நில அமைப்பாலும் நீரோட்டத்தாலும் கிழக்கு நோக்கிய மலைநிலங்கள். மூணாற்று உயர்நிலமும் நெடுங்காலம் கிழக்கு வழிகளையே சார்ந்திருந்தது. எனவே இவற்றின் பயண வரலாறு தமிழகச் சமவெளியின் வரலாற்றிலிருந்து பிரிக்கத்தக்கது அன்று.

இம்மலைகளில் சுற்றுலா சென்ற வழிகள் யாவும் வேறு தேவைகளுக்காக உருவானவை. டாப் ஸ்டேஷன் தேயிலையின் எச்சம். சிறுவாணி குடிநீரின் எச்சம். சைரந்திரி கைவிடப்பட்ட மின்திட்டத்தின் எச்சம்.

1924 வெள்ளம், 1935இல் திறக்கப்பெற்ற நேரியமங்கலம் பாலம், 1956 மாநிலச் சீரமைப்பு ஆகிய மூன்றும் இம்மலைகளின் வாயிலை மேற்கு நோக்கித் திருப்பின. ஐரோப்பியர் வருகையைத் தொடக்கமாகக் கொள்ளும் சுற்றுலா வரலாறுகள் இத்திசைமாற்றத்தைக் காணத் தவறுகின்றன.

தோட்டத் தொழிலாளரின் மலையேற்றம், ஏலத்தோட்டத் தொழிலாளரின் அன்றாடப் போக்குவரத்து, மல்லீசுவரன் முடி வழிபாடு ஆகியவையும் பயண வரலாற்றில் இடம்பெறுதல் வேண்டும். பயணம் என்பதனை ஓய்வுக்கான செலவாக மட்டும் வரையறுத்தால் இம்மலைகளில் நடந்தோருள் பெரும்பாலோர் வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுவர்.

வழியும் வழியறிவும் ஒருங்கே செல்லும் இடங்களில் மலையும் பயணியும் காக்கப்பெறுகின்றனர். அவை பிரியும் இடங்களில் இருசாராரும் துன்புறுகின்றனர். முக்காலியும் குரங்கணியும் இதற்கு முறையே சான்றுகள்.

இருளர், முடுகர், குறும்பர், முதுவர் ஆகியோரிடம் வழங்கும் பாதைப் பெயர்களும் இடப்பெயர்களும் வழிநடைச் செய்திகளும் முறையாகத் தொகுக்கப்பெறுதல் வேண்டும். அவற்றுள் பல, முதியோரின் நினைவில் மட்டுமே உள்ளன. தமிழ்த்துறைகள் தமிழக, கேரள எல்லையின் இருபுறமும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளின், சங்க இலக்கியத்தின் நிலவியற் சொற்களுக்கும் இன்றைய மலைவாழ் மக்களின் வழக்குக்கும் உள்ள தொடர்பு மேலும் விளங்கும். மலைப்பாதைகளின் முழுமையான வரலாற்றை எழுதுவதற்கும் அத்தொகுப்பே அடிப்படையாக அமையும்.